மூன்றாம் பெட்டியின் நேரம்

“டீச்சர், அஞ்சு பெட்டி வச்சிருக்கீங்க. அஞ்சும் அஞ்சு நேரம் சொல்லுது. ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா?”

பலவேசம் இதைக் கேட்டது வந்து சேர்ந்த முதல் நாளே. இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஹெப்சிபா டீச்சர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

“திருத்த வேண்டாமா?”

“வேண்டாம்.”

“பின்னே?”

டீச்சர் இழுப்பறையைத் திறந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் கிழித்தார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்க.”

இந்தக் கதையில் சிஷ்யருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு முப்பத்து நாலு. அதில் சிஷ்யருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. குருவுக்கு ஒன்றுமில்லை.

பலவேசம் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, பன்னீர்மொட்டைத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து, பாழாய்க் கிடந்த தபாலாபீஸ் அறையைக் கூட்டிப் பெருக்கி உட்கார்ந்துவிட்டார். அந்த அறைக்கு ஊர் வைத்த பெயர் காதுக்கூடம்.

எஸ்டேட்டைச் சுற்றி ஐந்து குன்றுகள். குன்றுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு மைக், ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு கடிகாரம்.

யானைகள் ஒன்றையொன்று கூப்பிடுவது அடித்தொண்டையில். நம் காதுக்கு அது எட்டாது, பெட்டிக்கு எட்டும். கேட்டதும் பெட்டி தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்து, ரேடியோ வழியாகக் காதுக்கூடத்துக்கு அனுப்பிவிடும். கிட்டே இருக்கிற பெட்டிக்கு முதலில் கேட்கும், எட்ட இருக்கிற பெட்டிக்குப் பிந்திக் கேட்கும். எது எவ்வளவு பிந்தியது என்று கணக்குப் போட்டால், யானை நிற்கிற இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும்.

நொடி தப்பினால் இடம் தப்பும். ஒரு நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்.

இதெல்லாம் பலவேசத்துக்கு விளையாட்டு இல்லை. போன வருஷம் இதே எஸ்டேட்டில், மாலை இறங்கி வருகிற வழியில், அன்னக்கொடி என்கிற பெண்ணை யானை அடித்துவிட்டது. அவளுக்குப் பத்தடி பின்னால் வந்தவள் உலகம்மாள். பலவேசத்தின் ஒரே மகள், கொழுந்து பறிக்கிற பெண்களுக்குச் சூப்பர்வைசர்.

அன்றைக்கு மலையேறி மகள் வீட்டுக்கு வந்தவர் பிறகு இறங்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் வாசலில் போய் நிற்பார். அவள் வாசல் மிதிக்கிறவரை பச்சைத் தண்ணீர் இறங்காது.

“ஆனை எங்க நிக்குன்னு தெரிஞ்சாப் போதும் டீச்சர். கத்துக்குடுங்க” என்று கேட்டுத்தான் வந்தார்.

கற்றுக்கொடுத்தது இதுதான்.

“மணிக்கொரு தரம் ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிடுங்க. ‘உன் மணி என்ன’ன்னு கேளுங்க. நாம கேட்ட நேரம், பதில் வந்து சேர்ந்த நேரம், அது சொன்ன நேரம், மூணையும் எழுதுங்க. கேட்டதுக்கும் வந்ததுக்கும் நட்ட நடுவுல அது மணி பார்த்திருக்கும்னு வச்சுக்கிட்டு, நமக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு போடுங்க.”

“போட்டுட்டு?”

“அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை வச்சு இங்க நாம கணக்கைச் சரி பண்ணிக்குவோம். பெட்டியைத் தொடக் கூடாது.”

“அதுக்கு அதையே திருத்திட்டாச் சுலபம்லா?”

“ஒவ்வொண்ணையும் அஞ்சு தரம் கேளுங்க.”

“ஒரு தரம் கேட்டாப் போதாதா? செவிடா அது?”

டீச்சர் எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார்.

பலவேசத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராதா பின்னே? ரயில்வேயில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சடங்கு உண்டு. கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து போனில் ஒரு குரல் வரும். “பதினாறு மணி!” என்று சொல்லும். சொன்ன கணத்தில் அந்தத் தடத்தில் இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாரும் தங்கள் கடிகாரத்தைத் திருத்திவிட வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் பலவேசத்தின் ஸ்டேஷன் கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பியதில்லை. நாலு மணி அடித்தால் இன்றைக்கும் அவர் கை துறுதுறுக்கும்.

அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை.

உலகம்மாள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். வந்த முதல் வாரமே பலவேசம் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் திருத்தி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தை என்ன சொல்லிக்கொண்டு?

மறுநாள் உலகம்மாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, பத்து நிமிஷம் பிந்திப் போய் நின்றாள். சூப்பர்வைசரே பிந்தினால் கேட்க வேண்டுமா? எஸ்டேட் துரை எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏசினார்.

“எப்பா, கடியாரத்தத் தொட்டீயளா?”

“தப்பா ஓடுச்சுளா. சரி பண்ணினேன்.”

“அது பத்து நிமிஷம் முந்தின்னு எனக்குத் தெரியும்லாப்பா! அதக் கழிச்சுட்டுத்தான நான் பாக்கேன்!”

அவள் ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி பத்து நிமிஷம் தள்ளி வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி திருத்தினார். ஆறு மாதமாக இந்தச் சண்டை அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனுஷரிடம் ஐந்து தப்புக் கடிகாரங்களைக் கொடுத்துத் தொடாதே என்றால்?

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். முதல் பெட்டி மூன்று நொடி முந்தி. இரண்டாவது ஒன்பது நொடி பிந்தி. மூன்றாவது பதினொரு நொடி பிந்தி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கூசியது.

மூன்றாவது வாரம், ஐந்தாம் பெட்டியில் பாட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது என்று டீச்சர் மலையேறினார். போய்த் திரும்ப மூன்று நாள்.

“நோட்டைப் பார்த்துக்குங்க மாஸ்டர்” என்றார். அவர் பலவேசத்தை எப்போதும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

டீச்சர் தலை மறைந்தது. மணி நாலு அடித்தது.

பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டு, “இப்போது மணி இது” என்று கட்டளை கொடுத்தார். ஐந்தும் பணிந்து ஏற்றுக்கொண்டன. நோட்டில் ஐந்து கட்டத்திலும் சைபர் போட்டார். வித்தியாசம் சைபர், சைபர், சைபர், சைபர், சைபர். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது! இனி மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

மறுநாள் நாலு மணிக்கும் திருத்தினார்.

மூன்றாம் நாள். நாலு அடிக்க இரண்டு நிமிஷம். ஒரு யானை கூப்பிட்டது. ஐந்து பெட்டிக்கும் கேட்டது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வடக்கே சதுப்புக்காட்டில், மூன்றாம் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. பெண்கள் இறங்குகிற வழியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

அப்பாடா என்றிருந்தது. மகளுக்குப் போனில் செய்தி தட்டினார்: “வழி காலி.”

தட்டிவிட்டு, நாலு மணி ஆனதும், ஐந்து பெட்டியையும் வழக்கம்போல் திருத்தினார்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது.

“எப்பா…”

மூச்சுதான் கேட்டது.

“எப்பா, ஆனை. ரெண்டாம் வளைவுல. குட்டியோட நிக்கு.”

“உலகு! நீ எங்க இருக்க?”

“கூடையெல்லாம் போட்டுட்டுத் திரும்பி ஓடியாந்துட்டோம். எடை போடுற கொட்டகையில இருக்கோம். பத்தொம்பது பேரும் இருக்கோம். எனக்குத்தான் கால் பிசகிட்டு.” பிறகு சொன்னாள், “வழி காலின்னீயளேப்பா.”

போனை வைத்த பலவேசம் நாற்காலியில் உட்காரவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

கொட்டகைக்குச் சுவர் கிடையாது, நாலு கம்பமும் தகரமும்தான். ஆறேகாலுக்கு இருட்டிவிடும். அதற்குள் அவர்கள் இறங்கியாக வேண்டும்.

நாலே முக்காலுக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. இரண்டு காலிலும் அட்டைகள் தொங்கின.

பலவேசம் ஓடிப்போய் எதிரே நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அழுதார்.

“நான் இனிமே இங்க வரல டீச்சர். என் பிள்ளையை நானே ஆனை முன்னால அனுப்பிட்டேன். இப்ப நீங்க உக்காருங்க. அந்தப் பிள்ளைகளை எப்படியாவது கீழ இறக்குங்க.”

“என் காலில் அட்டை இருக்கு” என்றார் டீச்சர்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உப்பு டப்பாவை எடுத்தார்.

“டீச்சர்!”

“முதல்ல கொட்டகைக்குப் போன் பண்ணி, நாம சொல்ற வரைக்கும் அசைய வேண்டாம்னு சொல்லுங்க.”

சொன்னார்.

“மூணாம் பெட்டி அப்ப எவ்வளவு தப்பா இருந்துச்சு?”

“திருத்திட்டேனே.”

“திருத்தினது தெரியும். நாலு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்டப்போ, எவ்வளவு தப்பா இருந்துச்சு?”

பலவேசம் நோட்டைப் பார்த்தார். சைபர். முந்தின நாளைப் பார்த்தார். சைபர். அவர் போட்ட சைபர்தான்.

“தெரியலையே டீச்சர்.”

“இனிமேல் யாருக்கும் தெரியாது.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு அட்டைமேல் உப்பை வைத்தார். அது சுருண்டு விழுந்தது.

“ஆனா, முந்தாநாளும் நேத்தும் திருத்தினேனே! சரியாத்தானே இருந்திருக்கணும்?”

“நீங்க ‘நாலு மணி’ன்னு சொன்னீங்க. அது இங்கிருந்து கிளம்பி, ரெண்டு குன்று ஏறி இறங்கி, மூணாம் பெட்டிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆச்சு?”

பலவேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ட்ரோல் ஆபீஸ் குரல் கம்பியில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். இந்த மலையில் ரேடியோ அப்படியா? தத்தித் தத்தியல்லவா போகிறது? சொன்ன மணி போய்ச் சேருவதற்குள் மணி மாறியிருக்கும். மூன்றாம் பெட்டி அந்தப் பழைய நேரத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. கடிகாரம் பிந்தியதால், யானைச் சத்தத்தை உண்மையில் கேட்டதற்கு முந்தின நேரத்தைக் குறித்தது. அதனால் யானை அதற்குப் பக்கத்தில் நிற்பதுபோல் காட்டியது.

“மாஸ்டர், ஸ்டேஷன்ல ஒரு வண்டியை அனுப்பணும்னா, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தடம் காலியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

“கேப்போம். லைன் கிளியர் கேப்போம்.”

“அந்த ஸ்டேஷன்ல வண்டி நிக்கக் கூடாதுன்னு இங்கிருந்தே உத்தரவு போட்டுட்டு, அனுப்பிட மாட்டீங்களா?”

“அது எப்படி டீச்சர்? அவன்ட்ட என்ன இருக்குன்னு அவன்லா சொல்லணும்? கேக்கணும், அவன் சொல்லணும், சொன்னதை ரிஜிஸ்டர்ல எழுதணும். அதுக்கப்புறம்தான்…”

நிறுத்திவிட்டார்.

டீச்சர் அடுத்த அட்டைமேல் உப்பு வைத்தார்.

பலவேசம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டில் புதுப் பக்கம் எடுத்தார். மூன்றாம் பெட்டியைக் கூப்பிட்டார்.

உன் மணி என்ன?

பதில் வர ஒன்பது நொடி ஆனது. எழுதினார். மறுபடி கேட்டார். நாலு நொடி. மறுபடி. ஏழு நொடி. மறுபடி. ஆறு நொடி. ஐந்தாவது தரம் கேட்டு வாயை மூடுவதற்குள் பதில் வந்து விழுந்தது. அரை நொடிகூட ஆகவில்லை.

“டீச்சர், அஞ்சும் அஞ்சு விதமா வருதே! எதை எடுக்கட்டும்?”

“எந்த வண்டியை நம்புவீங்க?”

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அந்த நேரத்திலும். வழியெல்லாம் நின்று நின்று வருகிற பாசஞ்சர் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று யார் கண்டது? நிற்காமல் வந்ததைத்தான் நம்ப முடியும். அரை நொடியில் வந்த பதிலை எடுத்தார். நடுவைப் பிடித்தார்.

ஐந்து நொடி பிந்தி.

அவர் கையாலேயே திருத்தி, இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகாத பெட்டி.

அவர் கை தானாகவே திருத்துகிற கட்டளைப் பக்கம் போனது. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

‘மூன்றாம் பெட்டி: ஐந்து நொடி பிந்தி’ என்று எழுதினார். அடுத்த பெட்டியைக் கூப்பிட்டார். ஐந்து பெட்டி, ஐந்தைந்து தரம். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது மணி ஐந்து.

“இப்ப?”

“காத்திருப்போம். அது கூப்பிடணும்.”

இருவரும் காத்திருந்தார்கள். கண்ணாடிச் சன்னலில் மூடுபனி ஏறியது. பலவேசம் தன் வாழ்நாளில் எத்தனையோ வண்டிக்குக் காத்திருந்தவர். இப்படி ஒரு காத்திருப்பு அவர் அறியாதது.

ஐந்து பத்துக்கு யானை கூப்பிட்டது. ஐந்து பெட்டியும் தத்தம் நேரத்தைச் சொல்லின. அந்தந்தப் பெட்டியின் வித்தியாசத்தைச் சேர்த்தும் கழித்தும் கணக்கில் போட்டார். புள்ளி இரண்டாம் வளைவுக்குக் கீழே விழுந்தது. உலகம்மாள் பார்த்த இடத்துக்கு நூறு மீட்டர் தள்ளி.

“இருக்கு டீச்சர்! அங்கேயேதான் நிக்கு!” என்றார், ஏதோ நல்ல சேதி போல.

ஐந்து இருபத்தைந்துக்கு மறுபடி கூப்பிட்டது. புள்ளி ஓடைக்கரையில்.

ஐந்து நாற்பதுக்கு மறுபடி. குட்டிக்கோ யாருக்கோ என்ன சொல்லியதோ. புள்ளி ஓடையைத் தாண்டி, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்குக் காட்டுக்குள் போய்விட்டது.

அவர் பெட்டிகளை இன்னொரு சுற்றுக் கேட்டார். வித்தியாசம் மாறவில்லை. பிறகுதான் போனை எடுத்தார்.

“உலகு.”

“சொல்லுங்கப்பா.”

“அங்க உனக்கு என்ன தெரியுது? சத்தம், வாடை ஏதாவது?”

அப்பா தன்னை இப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில் இல்லை.

“ஒண்ணும் இல்லப்பா. அரை மணி நேரமா குருவி சத்தம்தான். ஆனா எல்லாருக்கும் பயமாயிருக்கு. நீங்க சொல்லுதத வச்சுத்தான் இறங்கணும். நெசந்தானா இந்தத் தடவ?”

“அஞ்சு பெட்டியையும் கேட்டுட்டேன். உன்னையும் கேட்டுட்டேன்.”

ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த வார்த்தையை அவர் இன்னும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

“லைன் கிளியர்ளா” என்றார்.

“சரிப்பா. கிளம்புதோம்.”

ஆறு பத்துக்குப் பத்தொன்பது பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. பலவேசம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

டீச்சர் கடைசி அட்டையையும் எடுத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“டீச்சர், நான் நாளைக்கு வரட்டுமா?”

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்கேலை எடுத்தார். நாளைத் தேதியை எழுதி ஐந்து கட்டம் கிழித்தார்.

வீட்டில் உலகம்மாள் காலில் பற்றுப் போட்டு நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கையிலும் சிராய்ப்பு. பலவேசம் உள்ளே நுழைந்தார். அவர் அவள் தலையில் கை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

கஞ்சி காய்ச்சலாம் என்று அவர் எழுந்தார். சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஏழு பத்து. அவர் நின்றுவிட்டார். ஸ்டூல் அதன் அடியிலேயே இருந்தது.

உலகம்மாள் பெருமூச்சு விட்டாள். “ஏறுங்க. அதையும் ஏன் விடுதீய.”

அவர் ஸ்டூலை எடுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு, அதில் உட்கார்ந்தார். அவளுடைய பிசகிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“உலகு, இப்ப மணி என்னளா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஏழு” என்றாள்.